செகண்ட் ஹேண்ட் சாம்ப்ளர்: எதைப் பார்த்து வாங்குவது?

மெல்லிசைக் கச்சேரிகளில் ஆக்டோபேட் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குச்சியால் ஒரு கட்டத்தைத் தட்டினால் தபேலா, பக்கத்துக் கட்டத்தைத் தட்டினால் டோலக். ரோலண்ட் எஸ்பிடி-20 மாதிரியான பெட்டிகளில் ஒலிகளைக் கம்பெனிக்காரர்களே பதித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இல்லாத ஒலியை நாம் உள்ளே போட முடியாது. சாம்ப்ளர் என்பது நாமே ஒலியைப் பிடித்து உள்ளே போடும் பெட்டி. குன்னூர் ஸ்டேஷனில் நிற்கும் நீராவி எஞ்சின், தேயிலை ஃபேக்டரியில் இலையை வாட்டும் விசிறி, தகர ஷீட்டில் விழும் மழை, பாட்டி வெற்றிலை இடிக்கும் சத்தம் என்று எதையும் பதிவு செய்யலாம். வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, தட்டுவதற்கென்று இருக்கும் ரப்பர் கட்டமான பேடில் வைத்து, விரலால் தட்டி வாசிக்கலாம். சுருதியை ஏற்றி இறக்கலாம், திருப்பிப் போடலாம், நாலு துண்டைச் சேர்த்து ஒரு தாளமாகக் கட்டலாம்.

இதையெல்லாம் லேப்டாப்பிலேயே செய்ய முடியும். கையில் லேப்டாப் இருந்து பணம் குறைவாக இருந்தால், இலவச மென்பொருளில் ஆறு மாதம் பழகுங்கள். தனி மெஷின் வேறு ஒரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. திரையைப் பார்க்காமல், காதையும் விரலையும் மட்டும் நம்பி வேலை செய்யும்போது தாளம் வேறு விதமாக வந்து அமைகிறது. அந்தப் பழக்கம் பிடித்துப்போனவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. புதிய மெஷினின் விலை அதிகம் என்பதால் பலரும் பழையதைத்தான் தேடுகிறார்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் அதை வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள், ஊர் ஊராகப் பரவிக் கிடக்கும் அறிவுரைகளில் இருக்காது.

முதலில் பெயரில் மயங்காமல் இருங்கள். 1979ல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற சாம்ப்ளர் பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் விலை இறங்கியது. 1987ல் ஈமு எஸ்பி-1200, 1988ல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி60 என்று வரிசையாக வந்தன. ஹிப்ஹாப் இசை இந்தப் பெட்டிகளின் மேல்தான் வளர்ந்தது. ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா வாசித்த எம்பிசி3000 இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தனை புகழ் சேர்ந்ததால் பழைய மாடல்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த விலையில் ஒரு பகுதி பெயருக்கானது. முதல் மெஷின் வாங்குகிறவர் அந்தப் பகுதியைக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெயரை விட்டுவிட்டால், பார்க்க வேண்டியது ஒலி எப்படி உள்ளே போகிறது, உள்ளே போனது எங்கே தங்குகிறது என்பதுதான்.

ஒலி உள்ளே போகும்போது மெஷின் அதை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. எத்தனை முறை அளக்கிறது என்பது சாம்ப்ளிங் ரேட். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது பிட். சிடி தரம் என்றால் வினாடிக்கு 44,100 முறை, 16 பிட். எஸ்பி-1200ல் வினாடிக்குச் சுமார் 26,000 முறை, 12 பிட். 16 பிட்டில் ஓர் அளவுக்கு 65,536 படிகள்; 12 பிட்டில் 4,096தான். ரேட்டில் பாதி அளவு அதிர்வெண் வரைதான் மெஷினால் பிடிக்க முடியும் என்பது இதன் அடிப்படை விதி. ஆகவே சிடி தரத்தில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது மனிதக் காது கேட்கும் எல்லை முழுவதும், உள்ளே வரும். எஸ்பி-1200ல் 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. அந்தக் குறையால்தான் டிரம் ஒலி கனமாக, சற்றே கரகரப்பாகக் கேட்கிறது. அந்தக் கரகரப்பை விரும்பித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விருப்பத்தில் நியாயமும் உண்டு. ஆனால் முதல் மெஷின் 16 பிட்டாக இருக்கட்டும். தெளிவாகப் பிடித்த ஒலியைப் பின்னால் கரகரப்பாக மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காமல் விட்ட ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்தது நினைவகம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சிடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு வினாடிக்கு 1,76,400 பைட், ஒரு நிமிடத்துக்குச் சுமார் பத்தரை எம்பி. மோனோ என்றால் இதில் பாதி. அகாய் எம்பிசி2000எக்ஸ்எல் கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் இருந்தது 2 எம்பி. அதில் மோனோவாக 20 வினாடிக்குச் சற்று மேல் கொள்ளும். கூடுதல் மெமரி பொருத்தினால் 32 எம்பி வரை போகலாம். எஸ்பி-1200ல் மொத்தமே 10 வினாடிதான். ஒரு ஒலி இரண்டரை வினாடியைத் தாண்டக் கூடாது.

போனில் நாலு மணி நேரம் பதிவு செய்து பழகியவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நம் மலை ரயிலை வைத்தே பார்ப்போம். கல்லாறிலிருந்து குன்னூர் வரும் பல்சக்கரப் பாதையில் எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. அதை 30 வினாடி ஸ்டீரியோவில் பதிந்திருக்கிறீர்கள், அளவு 5.3 எம்பி. 2 எம்பி பெட்டியில் அது நுழையவே நுழையாது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். நீராவி ஒரு முறை 'புஸ்' என்று வெளியேறுவது அரை வினாடி. பல்லில் பல் சிக்கும் இரும்புச் சத்தம் அதைவிடக் குறைவு. ஊதல் மூன்று வினாடி. மூன்றையும் மோனோவாக வெட்டினால் மொத்தம் நாலு வினாடி, அரை எம்பி கூட ஆகாது. ஊதலை மட்டும் பாதி ரேட்டில், அதாவது 22 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் இன்னும் இடம் மிச்சம். அதன் சுரம் கெடாது. நீராவிச் சத்தத்துக்கு அப்படிச் செய்யாதீர்கள். அதன் உயிரே அந்த மேல் சீறலில்தான் இருக்கிறது. பாதி ரேட்டில் அது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். இப்போது 'புஸ்' ஒலியை நாலு பேடுகளில் நாலு சுருதியில் வைத்து, இரும்புச் சத்தத்தை இடையில் தட்டினால், ஏற்றத்தில் திணறி வரும் ரயிலின் நடை உங்கள் விரலில் வந்துவிடும். எந்த அரை வினாடி தேவை என்று தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது அந்தச் சிறிய நினைவகம்தான். ஆகவே 2 எம்பி, 16 எம்பி என்று பார்த்ததும் ஒரு மெஷினை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆனால் அந்த நினைவகம் எந்த வகை என்பதை ஒதுக்கவே கூடாது. மலையில் இருப்பவருக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பழைய மெஷின்கள் பலவற்றில் ஒலி தங்குவது ரேமில். ரேம் பள்ளிக்கூடச் சிலேட்டைப் போல: எழுதலாம், அழிக்கலாம், ஆனால் அதில் எழுதியது அடுத்த நாளுக்கு இருக்காது. கரண்ட் போன நொடியில் எல்லாம் போய்விடும். காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. மூன்று மணி நேரம் வெட்டி அடுக்கிய ஒலிகள் எம்பிசி2000எக்ஸ்எல்லில் இருந்து, நீங்கள் சேவ் செய்யாமல் இருந்தால், கரண்ட் திரும்பி வரும்போது திரை காலியாக இருக்கும். ரோலண்ட் எஸ்பி-404எஸ்எக்ஸ் போன்றவை பதிவு முடிந்ததுமே எஸ்டி கார்டில் எழுதிவிடுகின்றன. தவிர ஆறு ஏஏ பேட்டரியில் அது ஓடும். மழைக்கால இரவில் இந்த இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நிம்மதி என்பது இங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். ரேம் மெஷின்தான் வேண்டுமென்றால் சின்ன யூபிஎஸ் ஒன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேவ் செய்வது எதில் என்பது அடுத்த கேள்வி. பழைய அகாய்களில் ஃபிளாப்பி டிஸ்க். ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான், 2 எம்பி ரேமில் இருப்பதை முழுதாகச் சேமிக்க ஒரு டிஸ்க் போதாது. சோனி ஃபிளாப்பி விற்பனையை நிறுத்தியே பல ஆண்டுகள் ஆகின்றன. மீந்திருக்கும் டிஸ்க்குகளோ நம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபிளாப்பி டிரைவுக்குப் பதில் யூஎஸ்பி பென்டிரைவ் போடும் கோடெக் என்ற மாற்று டிரைவைப் பலரும் பொருத்துகிறார்கள். விற்பவர் அதை ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அது பெரிய அனுகூலம். பாஸ் எஸ்பி-303 கேட்கும் ஸ்மார்ட்மீடியா கார்டு கடைகளை விட்டுப் போய்விட்டது. கார்டு இல்லாமல் அந்த மெஷினை வாங்காதீர்கள். எம்பிசி1000, முதல் எஸ்பி-404 இரண்டும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் வேலை செய்கின்றன. கேமராக்காரர்கள் புண்ணியத்தில் அது இன்னும் கிடைக்கிறது. ஆனால் பழைய மெஷின்கள் பெரிய கொள்ளளவு கார்டுகளை ஏற்காது. கையேட்டில் வரம்பைப் பார்த்து, அதற்குள் அடங்கும் கார்டை எடுத்து, அந்த மெஷினிலேயே ஃபார்மட் செய்யுங்கள். என்சோனிக் மிராஜ், ஏஎஸ்ஆர்-10 போன்றவை இன்னும் ஒரு படி மேல்: இயங்குதள ஃபிளாப்பியைப் போடாவிட்டால் அவை வேலையையே தொடங்காது.

விலை மலிவாக இருக்கிறதே என்று அகாய் எஸ்950, எஸ்1000 பக்கம் சிலர் போவார்கள். ஒலி அருமையாக இருக்கும். ஆனால் அவற்றில் தட்டுவதற்குப் பேடும் இல்லை, தாளத்தை அடுக்கிவைக்கும் சீக்வென்சரும் இல்லை. அவற்றை வாசிக்க, கேபிளில் இணைக்கும் மிடி கீபோர்டு தனியாக வேண்டும். கனமும் அதிகம், பழுதானால் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கோர்க் வோல்கா சாம்பிள் கையடக்கமான நல்ல பெட்டிதான். ஆனால் அதில் நேரடியாக மைக் வைத்துப் பதிய முடியாது; ஒலிகளை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். டீனேஜ் என்ஜினியரிங் பிஓ-33 இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடி, 40 வினாடி ஒலி கொள்ளும். பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

குச்சியில் வாசித்துப் பழகிய கச்சேரிக்காரராக இருந்தால் ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸைப் பாருங்கள். பார்ப்பதற்கு ஆக்டோபேட் மாதிரி இருந்தாலும் அது நம் ஒலிகளை உள்ளே வாங்கிக்கொள்ளும் சாம்ப்ளிங் பேட். தமிழ்நாட்டில் குழுக்கள் பயன்படுத்துவதால் வாங்கவும் விற்கவும் ஆள் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். ஒலியை நுணுக்கமாக வெட்டி அடுக்குவதற்கு அது அவ்வளவு வசதியானதல்ல, மேடைக்கு அருமை.

இனி, மெஷின் கைக்கு வந்ததும் எப்படிச் சோதிப்பது. ஹெட்ஃபோன் கையோடு கொண்டுபோங்கள். முதலில் எந்த ஒலியையும் வாசிக்காமல் வால்யூமை மெதுவாக முழுவதும் ஏற்றுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' வந்தால் பரவாயில்லை. 'ம்ம்ம்' என்று தாழ்ந்த உறுமல் வந்தால் பவர் பகுதியில் கெபாசிட்டர் பழசாகியிருக்கலாம். அது செலவு வைக்கும். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால் உள்ளே தூசியோ ஆக்சைடோ படிந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடும். அதை வைத்து விலை பேசலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு பேடாக. நடுவில் தட்டிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நாலு மூலையிலும், லேசாக, நடுத்தரமாக, பலமாகத் தட்டுங்கள். லேசாகத் தட்டினால் ஒலி லேசாக வர வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு முறை ஒலித்தால், அல்லது ஓங்கிக் குத்தினால்தான் கேட்கிறதென்றால் அடியில் இருக்கும் சென்சார் ஷீட் தேய்ந்திருக்கிறது. பேட்தான் சாம்ப்ளரின் உயிர். பதினாறில் ஒன்றிரண்டு போயிருந்தாலும் மாற்று ஷீட் கிடைக்கும் மாடலா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள்.

எண்களை மாற்றும் சக்கரத்தை ஒவ்வொரு 'கிளிக்'காகத் திருப்புங்கள். 1, 2, 3 என்று ஒழுங்காகப் போக வேண்டும். 1, 2, 1, 4 என்று குதித்தால் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் என்கோடர் என்ற பாகத்தை மாற்ற வேண்டிவரும். பழைய அகாய்களில் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு மங்கிப்போவது சகஜம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மேகம் இறங்கிய அறையில் அந்தத் திரையைப் படிக்க முடியுமா என்று நினைத்துப் பாருங்கள். ஒலி உள்ளே வரும் இரண்டு சாக்கெட்டிலும் போனிலிருந்து ஒரு பாட்டை அனுப்பிப் பதியுங்கள், பிளக்கை லேசாக ஆட்டுங்கள், இடதோ வலதோ விட்டு விட்டு வந்தால் சாக்கெட்டின் பற்று விட்டிருக்கிறது. கடைசியாக, பதிந்ததைச் சேவ் செய்யுங்கள், ஆஃப் செய்யுங்கள், ஆன் செய்து திரும்ப எடுங்கள். மற்ற எல்லாம் நன்றாக இருந்து இது மட்டும் நடக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

நேரில் போக முடியாமல் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ கொரியரில் வரவழைப்பதாக இருந்தால், இதே வரிசையில் வீடியோ காலில் செய்துகாட்டச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ஜப்பானிலிருந்து வரும் மெஷினாக இருந்தால் பின்பக்க லேபிளை வீடியோவில் அருகே காட்டச் சொல்லுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. லேபிளில் 100 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் நம் பிளக்கில் நேராகச் சொருகிய நொடியில் உள்ளே கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். தனி அடாப்டரில் ஓடும் மெஷினில் வோல்ட் மட்டும் பொருந்தினால் போதாது. ரோலண்ட் எஸ்பி-404 வகைக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். கடையில் கிடைக்கும் பொது அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை பிளஸ். லேபிளில் சின்ன வட்டப் படமாக இது போட்டிருக்கும். இரண்டு படமும் ஒத்துப்போனால்தான் சொருகலாம். மில்லிஆம்பியர் அடாப்டரில் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வாட்டும்; கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி கார்த்திகை மழை. இரண்டுக்கும் நடுவே மூடுபனி. பெல்ட்டிலும் ஷூவிலும் பூஞ்சை பூக்கும் அலமாரியில் சாம்ப்ளரை வைத்தால் பேடுக்கு அடியில் உள்ள தொடுமுனைகள் மெல்ல மெல்லக் கறுக்கும். கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் காற்றுப்புகாத டப்பா போதும், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஆன் செய்து ஓட விடுங்கள், உள் சூடே ஈரத்தை விரட்டும். இரவெல்லாம் குளிரில் கிடந்த மெஷினை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால், உடனே ஆன் செய்யாமல் வேர்த்த ஈரம் உலரும் வரை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே மலையில் இருந்த மெஷினை வாங்குவதானால் அடிப்பக்க ஸ்குரூக்களைப் பாருங்கள். அவை துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் ஈரம் போயிருக்கும்.

என்ன ஒலியை எடுக்கலாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மழையும் ரயிலும் யாருடையதும் இல்லை. சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு வினாடி எடுத்து வெளியிட்டாலும் அனுமதி வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு ஒன்றுக்கு வெளியான பிறகு 60 ஆண்டுக் காலம் உரிமை உண்டு. மெட்டுக்கு உள்ள உரிமை தனி. சட்டத்தைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலும் கொம்பும் பறையும் சாவுச் சடங்கிலும் தெய்வ விழாவிலும் ஒலிப்பவை. ஹெத்தையம்மன் விழாவில் படுகர்கள் பாடுவது அவர்களுடைய வழிபாடு. போனை நீட்டிப் பதிந்து நடன பீட்டுக்கு அடியில் போட்டுவிடும் பொருளாக அதை நினைக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் மெஷினுக்கு எஸ்பி-404எஸ்எக்ஸ் அல்லது எம்பிசி1000. முதலாவது பேட்டரிக்கும் எஸ்டி கார்டுக்கும். இரண்டாவது தாளத்தை அடுக்கி முழுப் பாட்டாகக் கட்டும் வசதிக்கும், ஒரே நேரத்தில் 32 ஒலிகளை வாசிக்கும் திறனுக்கும். எஸ்பி-404எஸ்எக்ஸில் ஒரே நேரத்தில் 12தான், ஆனால் ஆரம்பத்தில் அது தாராளம். கேட்கும் விலை புதிய எஸ்பி-404எம்கே2 அல்லது எம்பிசி ஒன் பிளஸ் விலையை நெருங்கினால் யோசிக்காமல் புதியதையே வாங்குங்கள், வாரண்டியாவது இருக்கும்.

கோயம்புத்தூரில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் மேல் ரேக்கில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஹேர்பின் வளைவுகளில் பைகள் சரியும். வீட்டுக்கு வந்ததும் கூடவே வந்த கார்டை லேப்டாப்பில் போட்டு முழுவதையும் காப்பி எடுங்கள். பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஒலிகள் அவருக்குத் தேவைப்பட்டால் அனுப்பிவிட்டு, கார்டை மெஷினில் ஃபார்மட் செய்து, வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் ஏதாவது ஒரு சத்தத்தை முதல் பேடில் பதியுங்கள்.